தேக்கில் பிறந்த ‘திருகோணமலை’: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பம்பாயில் கட்டிய ‘திருகோணமலை’ என்ற பாய்மரப் போர்க்கப்பல் இருநூறு வருடம் தாண்டியும் இங்கிலாந்தில் மிதக்கிறது என்று சென்ற இதழில் நாலு வரிக் குறிப்பு போட்டிருந்தோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சு.ம., ராயபுரம்: ‘திருகோணமலை’ எந்தெந்தப் போரில் ஜெயித்தது? மும்பையில் கட்டிய கப்பலுக்கு இலங்கை ஊரின் பெயர் எதற்கு?

பெயரை முதலில் பார்த்துவிடுவோம். 1782 செப்டம்பர் 3-ல் திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் மோதினார்கள். அந்தச் சண்டையின் நினைவாக வைத்த பெயர். இதே பெயரில் இதற்கு முன்னால் ஒரு சிறிய போர்க்கப்பலும் இருந்தது. 1799-ல் செங்கடல் வாயிலில் பிரெஞ்சுக் கப்பலோடு சண்டை போடும்போது வெடித்துச் சிதறியது.

அடுத்தது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இந்தக் கப்பல் பேர் சொல்லும்படியான ஒரு கடற்போரிலும் ஜெயிக்கவில்லை. காரணம், பிறந்ததே தாமதம். 1812-ல் கட்ட உத்தரவு போட்டார்கள். வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலில் பம்பாய்க்குக் கிளம்பின. 1812 டிசம்பர் 29-ல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அந்த ஜாவாவை அடித்து வீழ்த்தியது. மறுபடி வரைந்து, மறுபடி அனுப்பி, 1816-ல்தான் வேலை தொடங்கியது. ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா என்ற பார்சி மேஸ்திரியின் கைவேலை. ஏராவில் (கப்பலின் அடிமரத்தில்) வெள்ளி ஆணி அறைந்து ஆரம்பிப்பது அவர்கள் வழக்கம். நம் காசிமேட்டில் ஏரா வைக்கும்போது பூஜை போடுவதில்லையா, அதுபோல. 1817 அக்டோபர் 12-ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. நெப்போலியன் அதற்குள் தோற்று, செயின்ட் ஹெலினா தீவில் இரண்டு வருடமாகக் கைதியாக இருந்தார்.

1819 ஏப்ரல் 30-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்ததும் பாய்மரங்களைக் கழற்றி, கூரை போட்டு, ஓரமாகக் கட்டிவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1845-ல் எடுத்து, அமரத்தின் (கப்பலின் பின்பக்கத்தின்) சதுர வடிவத்தை வளைவாக மாற்றி, பீரங்கிகளைக் குறைத்து 26 ஆக்கினார்கள். ஆனால் ஒவ்வொன்றும் முன்னைவிடக் கனமானது. முப்பது வயதில், 1847-ல், முதல் முறையாக முழு ஆள்கட்டோடு வேலைக்குப் போனது. 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடலில் அடிமை வணிகக் கப்பல்களைத் தடுப்பதும், எங்காவது கலகம் என்றால் போய் நிற்பதும்தான் பணி. 1852 முதல் 1857 வரை பசிபிக். கிரிமியப் போர் அந்தக் காலத்தில் நடந்தது.

அதன் பிறகு பயிற்சிக் கப்பல். 1897-ல் உடைப்பதற்கு விற்றே விட்டார்கள். வீட்லி காப் என்பவர் மீட்டு வாங்கினார். அவர் பயிற்சிக்கு வைத்திருந்த ‘ஃபூத்ராயன்’ என்ற பழங்கப்பல் அதே வருடம் பிளாக்பூல் கரையில் மோதி நாசமாகியிருந்தது. அந்தப் பெயரையே இதற்குச் சூட்டினார். 1986 வரை பிள்ளைகளுக்குக் கடல் பயிற்சி. 1987-ல் வடக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடத்துக்கு மேல் பழுது பார்த்தார்கள். 1992-ல் பழைய பெயர் திரும்பியது. பிரிட்டனில் இன்றும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மூத்தது இதுதான். ‘விக்டரி’ இதைவிட 52 வருடம் மூத்தது, ஆனால் அது உலர்துறையில் நிற்கிறது. அணியத்தில் (முன்முனையில்) தலைப்பாகை கட்டிய ஆண் சிலை இருக்கும், படம் கிடைத்தால் பாருங்கள்.

இதே வரைபடக் குடும்பத்தில் பிறந்த ‘ஷானன்’ 1813 ஜூன் 1-ல் அமெரிக்காவின் ‘செசபீக்’கைக் கால் மணி நேரத்தில் பிடித்துப் பெரும்பேர் வாங்கியது. ஓக் மரம். 1859-ல் உடைத்துவிட்டார்கள். சண்டை போடாத தேக்குக் கப்பல் நிற்கிறது.

படகு ஆசாரி, காசிமேடு: தேக்கு நல்ல மரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இருநூறு வருடமா? நாங்கள் கட்டும் விசைப்படகு பத்துப் பதினைந்து வருடத்தில் ஆணி விட்டுப்போகிறதே!

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். மரம் கெடுவதற்கு முன்னால் ஆணிதான் விட்டுப்போகிறது. பழைய கப்பல்களின் கதையும் அதேதான்.

ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். உள்ளே அறைந்த இரும்பு போல்ட்டை அது அரிக்கும். அரித்த துரு திரும்ப மரத்தைக் கெடுக்கும். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்து, மிருதுவாகி, ஓட்டை பெரிதாகும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் இரும்பை அந்த அளவு உறுத்தாது. கறையான், பூஞ்சை தாங்கும். காய்ந்தாலும் நனைந்தாலும் அதிகம் சுருங்காது, உப்பாது. அதனால் பலகைச் சந்து திறப்பது குறைவு. மலபார்த் தேக்கு பம்பாய்க்குக் கடல் வழியாக எளிதில் வந்ததும், பிரிட்டனில் ஓக் தட்டுப்பாடானதும் சேர்ந்துதான் வாடியாக்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தன.

ஆனால் தேக்கும் கடல்புழுவுக்கு முழுக்கத் தப்பாது. அதனால் தண்ணீருக்குக் கீழே செம்புத் தகடு. ஒரு தகடு 48 அங்குல நீளம், 14 அங்குல அகலம். செம்பு கடல்நீரில் மெல்ல மெல்லக் கரையும். அந்தக் கரைசல் பாசிக்கும் சிப்பிக்கும் விஷம். 1761-ல் ‘அலாரம்’ என்ற ஃபிரிகேட்டில் (‘திருகோணமலை’யைப் போன்ற வேகமான பாய்மரப் போர்க்கப்பல்) முதலில் சோதித்தார்கள். மேற்கிந்தியக் கடலில் ஓடிவிட்டு வந்ததைத் தூக்கிப் பார்த்தால் அடி சுத்தமாக இருக்கிறது. சுக்கான் பக்கத்து இரும்பு ஆணிகளோ கூழாகக் கிடந்தன. அதிலும் சில ஆணி மட்டும் முழுசாக இருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைத் தொழிலாளி கிழிக்காமல் அப்படியே அறைந்த இடங்கள் அவை. காகிதம் செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் தடுத்திருக்கிறது.

இரண்டு உலோகம் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் உண்டாகி, கீழான உலோகம் தின்னப்படும் என்பது அப்போது புரியவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து, இருபது வருடம் தடுமாறி, 1780-களில் தண்ணீருக்குக் கீழே இருக்கும் இரும்பு போல்ட்டுகளுக்குப் பதில் செம்புக் கலவை போல்ட்டுக்கு மாறினார்கள். 1824-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி செம்பைக் காப்பாற்றத் துத்தநாகமும் வார்ப்பிரும்பும் பொருத்திப் பார்த்தார். செம்பு கரையாமல் நின்றது. கூடவே பாசி திரும்ப ஒட்டிக்கொண்டது. செம்பு கரைந்தால்தானே பாசி வராது!

உங்கள் படகுக்கு இதில் பாடம் இருக்கிறது. தண்ணீருக்குக் கீழே ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஜி.ஐ. வாஷர் போடாதீர்கள். வாஷர் சீக்கிரம் போய்விடும், போல்ட் தளர்வது அதற்குப் பிறகுதான் தெரியும். பித்தளைப் புரொபெல்லர், இரும்பு ஷாஃப்ட் உள்ள இடத்தில் துத்தநாகக் கட்டை கட்டாயம். அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. நம் பக்கம் அழகுக்காக அதையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள், பிறகு அது வெறும் பாரம்தான். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும், முழுக்கக் கரையும்வரை காத்திருக்கக் கூடாது.

கலப்பத்து, அதாவது தண்ணீர் புகாமல் பலகைச் சந்தை அடைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் முறையும் உங்கள் முறையும் பெரிய வித்தியாசமில்லை. பழைய தார்க்கயிற்றைப் பிரித்து நாராக்கி, திரியாக உருட்டி, உளியும் மரச்சுத்தியும் கொண்டு சந்தில் அடித்து இறக்கி, மேலே கொதிக்கும் கீல் ஊற்றுவார்கள். வேகமாக அடித்தால் பலகையே விலகும், தளர்வாக அடித்தால் கப்பல் அலையில் முறுகும்போது திரி வெளியே வரும். மேல்தளத்தைக் காலையும் மாலையும் கடல்நீரால் கழுவியது சுத்தத்துக்காக மட்டுமல்ல. பலகை காயாமல் சந்து மூடியிருக்கும், உப்பு உள்ளே இறங்கி மரம் மக்காது. கப்பலைக் கெடுப்பது மழைத்தண்ணீர். ஓரமாகக் கட்டிய கப்பலுக்குக் கூரை போட்டது அதனால்தான்.

தி.வே., தண்டையார்பேட்டை: ஒரு புத்தகத்தில் 38 பீரங்கி என்றும், இன்னொன்றில் 46 என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. 38 என்பது பழைய கணக்கு. கேரனேடு என்ற குட்டையான, இலேசான பீரங்கிகளை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 1817-ல் விதியை மாற்றி அவற்றையும் எண்ணினார்கள். அதே கப்பல் ஒரே இரவில் 46 ஆகிவிட்டது.

பிரதானத் தளத்தில் பக்கத்துக்கு 14 வீதம் 28 பீரங்கிகள், 18 பவுண்டு குண்டு போடுபவை. ஒரு பக்கம் முழுதும் ஒரே நேரத்தில் சுட்டால் அந்தத் தளத்திலிருந்து மட்டும் 252 பவுண்டு, அதாவது 114 கிலோ இரும்பு பறக்கும். ஒரு பீரங்கி இரண்டு டன்னுக்கு மேல். மேலே இருந்த 32 பவுண்டு கேரனேடு குண்டில் பெரியது, எடையில் ஒரு டன்கூட வராது. கிட்டத்தில் பயங்கரம், எட்டத்தில் பயனில்லை.

சுடும் வரிசை: பீரங்கியை உள்ளே இழுத்து, ஈரத் துடைப்பானால் குழலைத் துடைத்து, மருந்துப் பையை இறக்கி, அடைப்பு, குண்டு, மறுபடி அடைப்பு என்று இடித்து, பின்துளை வழியாகக் கம்பியால் பையைக் குத்தி, பற்றுமருந்து வைத்து, கயிற்றுக் கப்பியால் வெளியே தள்ளி, அடியில் ஆப்பு வைத்து உயரம் பார்த்து, சுட வேண்டும். பழகிய கூட்டம் இதை ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் முடிக்கும். துடைப்பதில் அவசரப்பட்டால் உள்ளே கனலும் பையின் துணித்துண்டு அடுத்த மருந்தைப் பற்றவைத்து, இடிப்பவனின் கையைக் கொண்டுபோகும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு குழல் சூடேறி, பின்னுதை கூடும். அப்போது தடுப்புக் கயிறு பழசாக இருந்தால் இரண்டு டன் இரும்பு தளத்தில் தறிகெட்டு ஓடும். இறந்தவர்களில் எதிரியின் குண்டு நேராகப் பட்டவர்களைவிட, குண்டு பட்டுத் தெறித்த மரச்சிம்பு குத்தியவர்கள் ஏராளம்.

அ.ஜா., மண்ணடி: இந்த மாதிரிக் கப்பல்கள் மெட்ராஸுக்கு வந்திருக்குமா? வந்திருந்தால் எங்கே கட்டியிருப்பார்கள்?

வந்தன. ஆனால் ‘கட்ட’ இடமில்லை. துறைமுகமே கிடையாது. இன்றைய ராஜாஜி சாலைதான் அன்றைக்குக் கடற்கரை. ஃபிரிகேட் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், திறந்த கடலில் நங்கூரம் போட்டு உருண்டுகொண்டு கிடக்கும். கப்பலின் சொந்தப் படகு கரை அலையைத் தாண்டாது. ஓக் பலகையும் ஆணியும் கொண்ட அந்தப் படகு மணலில் ஒரு குத்துக் குத்தினால் பிளந்துவிடும். நம் மசூலா படகில் ஆணியும் இல்லை, வங்கும் (உள்பக்க விலாக்கட்டையும்) இல்லை. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதினால் பலகை வளைந்து கொடுக்கும். தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே போவார்கள். உலகத்தின் பெரிய கடற்படை கரையேற நம்மூர்ப் படகோட்டிகளின் தயவு வேண்டியிருந்தது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திருப்தி.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். சுமார் 280 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர். மூன்று மாதத்துக்கு 113 டன்னுக்கு மேல். அத்தனையும் பீப்பாயில் நிரப்பி, மசூலாவில் ஏற்றி, அலை தாண்டி, கப்பியில் தூக்கி இறக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கோட்டைக் கொடிமரத்தில் எச்சரிக்கை ஏறும், வேலை நிற்கும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை இங்கே நங்கூரம் போடுவது தற்கொலைக்குச் சமம். வாடைக்காற்றும் புயலும் கப்பலைக் கரை நோக்கித் தள்ளும், ஒதுங்க ஒரு முனைகூட இல்லை. 1746 செப்டம்பரில் மெட்ராஸைப் பிடித்த லா பூர்தொனே அக்டோபர் புயலில் தன் கப்பல்களைப் பறிகொடுத்தார். ஆங்கிலேயர் குடாவுக்குள் பத்திரமாக ஒதுங்கத் திருகோணமலைக்கோ, மேற்கே பம்பாய்க்கோ போனார்கள். நாம் பேசும் கப்பலின் பெயர் எவ்வளவு மதிப்புள்ள இடத்தின் பெயர் என்று இதிலிருந்து தெரியும்.

1861-ல் இரும்புத்தூண் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. அலைதடுப்புச் சுவர் 1870-களில் தொடங்கி, 1881 நவம்பர் புயலில் பெயர்ந்து, மறுபடி எழுந்தது. அந்தச் சுவர்தான் தெற்கிலிருந்து வரும் மணலை நிறுத்தி மெரினாவை அகலமாக்கியது. மணல் கிடைக்காத ராயபுரம், திருவொற்றியூர்க் கரையை அரித்ததும் அதுவேதான்.

ஞா.பி., திருவொற்றியூர்: மெட்ராஸிலிருந்து கிளம்பிச் சண்டை போட்ட ஃபிரிகேட் உண்டா?

உண்டு. ‘சிபில்’. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, 1794-ல் ஆங்கிலேயர் கைப்பற்றிய 38 பீரங்கிக் கப்பல். வங்கக் கடலில் பிரெஞ்சு ஃபிரிகேட் ‘ஃபோர்த்’ வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தேடி கேப்டன் எட்வர்ட் குக் 1799 பிப்ரவரியில் மெட்ராஸிலிருந்து புறப்பட்டார். பிப்ரவரி 28 இரவு, ஒடிசாவின் பாலசோர் அருகே கண்டுபிடித்தார்.

ஃபோர்த் பெரிய கப்பல், பிரதானத் தளத்தில் 24 பவுண்டு பீரங்கிகள். காகிதத்தில் சிபில் தோற்றிருக்க வேண்டும். குக் விளக்குகளை அணைத்து, இருட்டில் நெருங்கி, அமரத்துக்குப் பின்னால் மிகக் கிட்டே வரும்வரை சுடவே விடவில்லை. அமரத்தில் கண்ணாடியும் மெல்லிய பலகையும்தான். அங்கே நுழையும் குண்டு தளத்தின் நீளம் முழுக்கப் பாயும். ஃபோர்த்தின் ஆட்களில் ஒரு பகுதி பிடித்த கப்பல்களை ஓட்டப் போயிருந்தார்கள். பீரங்கிகளும் உயரத் தூக்கிச் சுட்டதால் குண்டு பாய்க்கயிற்றில்தான் பட்டது. இரண்டரை மணி நேரம் கழித்து ஃபோர்த்தில் ஒரு பாய்மரமும் நிற்கவில்லை. அதில் 65 பேர் இறந்தார்கள், கேப்டனும் அதில் ஒருவர். சிபிலில் 5 பேர். அந்த இரவில் காயம்பட்ட குக் மே மாதம் கல்கத்தாவில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுச்சின்னம் வைத்தது. கம்பெனிக்குச் சரக்குக் கப்பல் தப்பிய நன்றி.

ம.இ., கொருக்குப்பேட்டை: இன்றைய இந்தியக் கடற்படையின் ஃபிரிகேட்டும் அதுவும் ஒன்றா?

பெயர் மட்டும் ஒன்று. அன்று ஃபிரிகேட் என்றால் மூடிய பீரங்கித் தளம் ஒன்றே ஒன்று, மூன்று பாய்மரம், வேகம். உளவு, செய்தி, துணைக்காவல் வேலை. பெரிய அணிவகுப்புச் சண்டையில் வரிசையில் நிற்காது. இன்றைய ‘சிவாலிக்’ வகை ஏவுகணை தாங்கியது. தனியாக நெடுந்தூரம் போய்வரும் குணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

ப.சே., வியாசர்பாடி: ‘திருகோணமலை’யை மாதிரிக் கப்பலாகச் செய்ய ஆசை. எந்த அளவில் ஆரம்பிக்கலாம்? தேக்கிலேயே செய்யட்டுமா?

வீட்டில் வைக்க 96-ல் ஒரு பங்கு போதும். பீரங்கித் தளம் சுமார் 150 அடி என்பதால் அது 48 சென்டிமீட்டராக வரும். அகலம் 40 அடி, அதாவது 12.7 சென்டிமீட்டர். முன்துருத்தியும் (முன்னால் நீளும் மரம்) பருமல்களும் (பாய் கட்டும் குறுக்குமரங்கள்) சேர்ந்தால் இடம் இன்னும் அதிகம் கேட்கும். கண்ணாடிப் பெட்டியை முதலில் வாங்கிவிடாதீர்கள்.

தேக்கு வேண்டாம். அசல் கப்பலுக்கு அருமையான அந்த ரேகை, சிறு அளவில் முரட்டுக் கோடாகத் தெரியும். மஞ்சக்கடம்பு போல ரேகை தெரியாத மரம் எடுங்கள். 10 அங்குலப் பலகை உங்கள் அளவில் 2.6 மில்லிமீட்டர். செம்புத் தகடு 12.7-க்கு 3.7 மில்லிமீட்டர். ஒட்டுப்பசை உள்ள செம்பு நாடா வாங்கி வெட்டலாம். முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறியிருக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் கயிறு. பழைய அட்டவணையில் 15 அங்குலக் கயிறு என்றிருந்தால் அது சுற்றளவு. தடிமன் 4.8 அங்குலம்தான், உங்கள் நூல் 1.3 மில்லிமீட்டர். இதைத் தடிமனாக எடுத்துக்கொண்டால் கப்பல் முழுக்க வடமாகத் தொங்கும். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள், அதனால் கறுப்பு நூல். பாயை இழுக்கும் கயிறுகளுக்கு வெளிர் பழுப்பு. நூலைக் கட்டுமுன் தேன்மெழுகில் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நம்மூர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே தொய்ந்துவிடும்.